கைவிலங்கோடு போனவர் ஆளுநராக வந்தார்: ஜான் செவியரின் கதை

கேள்வி இது: "அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் என்ற பெயரில் ஒரு மாநிலம் இருந்து காணாமல் போனதாமே? அதன் ஆளுநரைத் தேசத்துரோகி என்று கைது செய்தார்களாம். அவரே சில வருடங்களில் டென்னசியின் முதல் ஆளுநர் ஆனாராம். இது எப்படி நடந்தது?"

மூன்றும் உண்மைதான். அந்த ஆள் ஜான் செவியர். பொதுவாக இவரைப் பற்றி எழுதுபவர்கள் வீரக் கதையில் ஆரம்பிப்பார்கள். நான் நிலத்தில் ஆரம்பிக்கிறேன். செவியர் ஒரு நாள் கலகக்காரர், மறுநாள் அரசு விசுவாசி. ஒரு மாதம் ஸ்பெயினுக்குக் கடிதம் எழுதுகிறார், அடுத்த வருடம் அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு வாக்களிக்கிறார். கொள்கை என்று தேடினால் தலை சுற்றும். "அந்த நேரத்தில் மேற்கே இருக்கும் நிலத்துக்கு யார் பட்டா கொடுக்க முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விடை வந்துவிடும்.

முதலில் பெயர். ஊர்க்காரர்கள் கடைசி எழுத்துகளை அழுத்தி 'செவீர்' என்பதுபோல உச்சரிப்பார்கள். பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் புராட்டஸ்டண்ட் குடும்பம். 'சேவியர்' என்ற பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் இப்படித் திரிந்தது என்பது குடும்பத்தில் வழங்கிய செய்தி. தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் வீட்டுக்கு வீடு இருக்கும் அதே சேவியர்தான்!

1745 செப்டம்பர் 23 அன்று வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் பிறந்தார். பதினாறு வயதில் சாரா ஹாக்கின்ஸுடன் கல்யாணம், பத்துக் குழந்தைகள். கொஞ்சம் விவசாயம், கொஞ்சம் வியாபாரம், கொஞ்சம் நிலம் வாங்கி விற்பது. 1773 இறுதியில் குடும்பத்தோடு அப்பலாச்சியன் மலைகளைத் தாண்டி, இன்றைய டென்னசியின் கிழக்கு மூலைக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவர்கள் இருந்ததே சட்டப்படி தப்பு. 1763-இல் பிரிட்டிஷ் மன்னர் ஓர் ஆணை போட்டிருந்தார்: மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது, அது பூர்வகுடிகளின் நிலம். ஆனால் வாட்டாகா ஆற்றங்கரையில் ஏற்கெனவே சில நூறு பேர் மரம் வெட்டிக் குடிசை போட்டிருந்தார்கள். நிலத்தை விலைக்கு வாங்கத் தடை இருந்ததால் செரோக்கி மக்களிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். எந்தக் காலனி அரசும் தங்களை ஆளாததால் 1772-இல் தாங்களே ஒப்பந்தம் எழுதி, ஐந்து பேர் கொண்ட நீதிமன்றம் வைத்து, தங்களையே ஆண்டுகொண்டார்கள். வாட்டாகா சங்கம் என்று அதைச் சொல்வார்கள். செவியர் வந்த கொஞ்ச காலத்திலேயே அதன் நிர்வாகத்தில் இடம் பிடித்தார். மேலே அரசு இல்லாவிட்டால் நாமே ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்ற பாடம் அவருக்கு இங்கேதான் கிடைத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பத்து வருடம் கழித்துத் தலை தூக்கும்.

1775 மார்ச்சில் சிக்கமோர் ஷோல்ஸ் என்ற ஆற்றுத் துறையில் பெரிய பேரம் நடந்தது. ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற நில வியாபாரி செரோக்கி மூத்தவர்களிடமிருந்து இன்றைய கென்டக்கியின் பெரும்பகுதியை வாங்கினார். அதோடு சேர்ந்து வாட்டாகாக்காரர்களும் தங்கள் குத்தகை நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். செரோக்கிகளில் இளைய தலைவரான டிராகிங் கனூ இதை ஏற்கவே இல்லை. மறு வருடம், 1776 ஜூலையில், அவரும் அவருடைய கூட்டாளிகளும் குடியேற்றங்களைத் தாக்கினார்கள். தாக்குதல் வரப்போகிறது என்று குடியேறியவர்களுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பியவர் செரோக்கிகளிலேயே மிக மதிக்கப்பட்ட பெண், நான்யெஹி. ஆங்கிலேயர் அவரை நான்சி வார்டு என்பார்கள்.

செவியரின் மிகப் பிரபலமான கதை அந்த முற்றுகையில்தான் நடந்ததாகச் சொல்வார்கள். கோட்டைக்கு வெளியே மாடு கறந்துகொண்டிருந்த பெண்களில் கேத்தரின் ஷெரில் என்பவர் உள்ளே ஓடி வருவதற்குள் கதவை மூடிவிட்டார்கள். மரச்சுவரில் ஏறி அந்தப் பக்கம் குதித்தவரை உள்ளிருந்து செவியர் இழுத்துப் பிடித்துக்கொண்டாராம். 1780-இன் தொடக்கத்தில் சாரா இறந்துவிட, அதே ஆண்டு ஆகஸ்டில் கேத்தரினை மணந்தார். இந்த மனைவிக்கு எட்டுக் குழந்தைகள், ஆக மொத்தம் பதினெட்டு. சுவர் தாண்டிய கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பிற்காலச் சாயம் என்று தெரியாது. ஆனால் கிழக்கு டென்னசியில் இதைச் சந்தேகப்பட்டுப் பேசினால் சண்டைக்கு வருவார்கள்.

கல்யாணமான சில வாரங்களில் போர் வாசலுக்கு வந்தது. சுதந்திரப் போரில் தெற்குப் பக்கம் பிரிட்டிஷ் கை ஓங்கியிருந்த நேரம். மேஜர் பேட்ரிக் ஃபெர்குசன், ஒரு கைதியை விடுவித்து அவன் மூலம் மலைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்: எதிர்ப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மலையைத் தாண்டி வந்து தலைவர்களைத் தூக்கில் போட்டு, ஊர்களைக் கொளுத்துவேன். இதைவிட மோசமான கணக்கை ஒரு தளபதி போட முடியாது. அதுவரை அந்த மலைக்காரர்களுக்குப் போர் என்றால் பக்கத்துச் செரோக்கி ஊர்களோடு நடப்பது மட்டும்தான். மன்னர் எங்கோ தூரத்தில் இருந்தார். ஃபெர்குசன்தான் அவரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்.

செவியரும், ஐசக் ஷெல்பி என்ற இன்னொரு கர்னலும் படை திரட்டினார்கள். சாமான் வாங்கப் பணம் வேண்டும். ஜான் அடேர் என்பவர் அந்தப் பகுதியின் நிலப்பதிவு அதிகாரி. மக்கள் நிலத்துக்காகக் கட்டிய பணம் அவரிடம் இருந்தது, 12,000 டாலருக்கு மேல். அந்தப் பகுதி இதற்குள் வட கரோலினாவின் கீழ் வந்திருந்தது. அது அந்த அரசின் பணம், எடுத்துக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. செவியரும் ஷெல்பியும் சொந்தப் பொறுப்பில் உத்தரவாதம் எழுதிக்கொடுத்து அதை வாங்கினார்கள். ஆக, போருக்கான செலவும் நிலத்திலிருந்துதான் வந்தது.

1780 செப்டம்பர் 25 அன்று சிக்கமோர் ஷோல்ஸில் கூடி, மறுநாள் கிளம்பி, பனி கிடந்த மலைக் கணவாயைக் கடந்து, வழியில் மெக்டவல் சகோதரர்களின் பண்ணையில் மற்றவர்களோடு சேர்ந்தார்கள் (இந்த மெக்டவல்களை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்கள்). அக்டோபர் 7 அன்று கிங்ஸ் மவுண்டன் என்ற குன்றைச் சுற்றி வளைத்தார்கள். சண்டை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். மேலே ஃபெர்குசனின் ஆட்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர், கிட்டத்தட்ட எல்லோருமே மன்னர் பக்கம் நின்ற அமெரிக்கர்கள். கீழேயிருந்து வந்தவர்கள் மரத்துக்கு மரம் ஒளிந்து நீளத் துப்பாக்கியால் சுட்டபடி ஏறினார்கள். ஃபெர்குசன் இறந்தார், படை சரணடைந்தது. செவியரின் தம்பி ராபர்ட் காயம்பட்டு, ஊர் திரும்பும் வழியில் இறந்துபோனார். ஒரு வாரம் கழித்து, கைதிகளில் ஒன்பது பேரை அவசர விசாரணை வைத்துத் தூக்கில் போட்டார்கள். வெற்றிக் கதைகளில் இந்தப் பகுதி வேகமாகக் கடந்துபோகும்.

செவியர் இதற்குப் பிறகு வீட்டில் உட்காரவில்லை. அந்த டிசம்பரிலேயே செரோக்கி ஊர்களை எரிக்கும் படையெடுப்பில் இருந்தார். அவருடைய ஆதரவாளர்கள் பிற்காலத்தில் "முப்பத்தைந்து சண்டை, முப்பத்தைந்து வெற்றி" என்று பெருமை பேசுவார்கள். எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம், தேர்தல் பேச்சுக் கணக்கு அது. அந்தச் 'சண்டை'களில் பல, அறுவடைச் சோளத்தையும் குடிசைகளையும் கொளுத்திவிட்டுத் திரும்பிய பயணங்கள். ஊர்க்காரர்கள் அவரை 'நோலிச்சக்கி ஜாக்' என்று செல்லமாக அழைத்தார்கள். நோலிச்சக்கி அவர் வீடு இருந்த ஆறு. குடிப்படையில், அதாவது ஊர் ஆட்களே துப்பாக்கியோடு சேரும் படையில், அவரோடு போனவர்களே தேர்தலில் அவருக்கு வாக்களித்தவர்கள். எல்லைப்புறத்தில் கட்சி கிடையாது. படைதான் கட்சி.

இனி ஃபிராங்க்ளின்.

போர் முடிந்தபோது வட கரோலினாவின் கஜானா காலி. 1783-இல் மேற்கு நிலத்தை நூறு ஏக்கர் பத்து பவுண்டு என்று விற்பனைக்குத் திறந்துவிட்டார்கள், அதுவும் மதிப்பிழந்த காகிதப் பணத்தில். உள்ளே இருந்த ஆட்களும் அவர்களுடைய நண்பர்களும் லட்சக்கணக்கான ஏக்கர்களை வளைத்துப் போட்டார்கள். அதில் கணிசமான பகுதி செரோக்கிகளின் நிலம் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. செவியரும், வில்லியம் பிளவுண்ட் என்ற பெரும் நில வியாபாரியும், ரிச்சர்ட் காஸ்வெல்லும் டென்னசி ஆற்றின் வளைவில் ஒரு கூட்டு முயற்சியில் இருந்தார்கள். நிலத்தை வேண்டிய மட்டும் எழுதிக்கொண்ட பிறகு, 1784-இல் வட கரோலினா "இந்த மேற்குப் பகுதியை மத்திய அரசே வைத்துக்கொள்ளட்டும்" என்று தூக்கிக் கொடுத்தது. கறந்து முடித்த மாட்டைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு வந்த மாதிரி.

மலைக்கு மேற்கே இருந்தவர்கள் அந்த ஆகஸ்டில் ஜோன்ஸ்பரோ என்ற சிற்றூரில் கூடி, சரி, நாங்கள் தனி மாநிலம் என்றார்கள். சில மாதங்களில் வட கரோலினா மனம் மாறிக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கூடவே செவியரை அப்பகுதியின் பிரிகேடியர் ஜெனரலாக நியமித்தது. செவியர் என்ன செய்தார் தெரியுமா? தனி மாநில வேலையை நிறுத்திவிடலாம் என்றார்! பதவி கிடைத்துவிட்டது, பட்டாவுக்கும் பழைய அரசே பொறுப்பு, பிறகு எதற்குக் கலகம்? ஆனால் வண்டி அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது, கூட இருந்தவர்கள் விடவில்லை. 1785 மார்ச்சில் அவரே புது மாநிலத்தின் ஆளுநரானார். கலகத்தைத் தொடங்கியவர் என்று அவரைச் சொல்வது பாதிதான் சரி. கிளம்பிவிட்ட ஊர்வலத்தின் முன்னால் ஓடிப்போய் நின்றவர் என்பேன்.

பெயர் வைத்ததிலும் கணக்கு இருந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெயரை வைத்தால் பெரியவர் ஆதரவு கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டு நழுவிக்கொண்டார். 1785 மே மாதம் அமெரிக்க மாநிலங்களின் பொது மன்றமான காங்கிரசில் மனு வந்தபோது ஏழு மாநிலங்கள் ஆதரித்தன, ஒன்பது வேண்டியிருந்தது.

காசு இல்லாத மாநிலம் அது. வரியைப் பொருளாகவே கட்டலாம் என்று சட்டம் போட்டார்கள்: லினன் துணி, நீர்நாய்த் தோல், மான்தோல், பன்றி இறைச்சி, மெழுகு, சர்க்கரை, கம்பு விஸ்கி, பீச் பிராந்தி, புகையிலை. ஆளுநருக்கு வருடச் சம்பளம் ஆயிரம் மான்தோல் என்று ஒரு கதை உண்டு. மலிவான ரக்கூன் தோலில் நீர்நாய் வாலைத் தைத்து ஒட்டிக் 'கள்ள நோட்டு' விட்டார்கள் என்று இன்னொரு கதை. இந்தக் கதைகளைக் கிழக்கத்திக்காரர்கள் கேலிக்காகப் பரப்பினார்கள். ஆனால் பொருளாக வரி வாங்கியது மட்டும் கேலி இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது.

பிரச்சினை இதில்தான்: வட கரோலினாவும் அதே இடத்தில் தன் நீதிமன்றம், ஷெரீஃப், வரி வசூல் எல்லாவற்றையும் தொடர்ந்தது. ஒரே ஊரில் இரண்டு அரசு. ஒரு தரப்பு நடத்திவைத்த கல்யாணத்தை மறு தரப்பு செல்லாது என்றது. இவர்கள் போய் அவர்கள் நீதிமன்றப் பதிவேடுகளைத் தூக்கி வருவதும், அவர்கள் வந்து அதைப் பிடுங்கிப் போவதும் வாடிக்கை. வரியை இரண்டு பேரும் கேட்டதால் சாமர்த்தியசாலிகள் யாருக்கும் கட்டவில்லை. வட கரோலினா தரப்பின் தலைவர் ஜான் டிப்டன். தொடக்கக் கூட்டங்களில் செவியரோடு உட்கார்ந்தவர், பிறகு எதிர்ப்பக்கம் போனவர்.

1788 பிப்ரவரியில் ஷெரீஃப் ஒருவர், வட கரோலினாவுக்கு வரிபாக்கி என்று செவியரின் சொத்தை ஜப்தி செய்து டிப்டன் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். அந்தச் 'சொத்து' செவியர் அடிமைகளாக வைத்திருந்த மனிதர்கள். ஓர் அரசின் சுதந்திரத்துக்காக நடந்ததாகச் சொல்லப்படும் சண்டை, அடிமைகளை யார் வீட்டில் வைப்பது என்பதில் வெடித்தது. செவியர் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடு போய் டிப்டன் வீட்டை முற்றுகையிட்டார். கடும் பனி. இரண்டு நாள் கழித்து டிப்டனுக்கு உதவிப்படை வந்து சேர்ந்தது. சிறு மோதல், சிலர் உயிரிழப்பு. செவியரின் இரண்டு மகன்கள் டிப்டனிடம் மாட்டிக்கொண்டார்கள். தூக்கில் போடப்போகிறேன் என்றவரை மற்றவர்கள் சமாதானப்படுத்தினார்கள். இதற்குப் 'ஃபிராங்க்ளின் போர்' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் செவியரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஆளுநரைத் தேர்ந்தெடுக்க யாரும் முன்வரவில்லை.

அந்த வருடக் கோடையில்தான் செவியர் வாழ்க்கையின் மிக அசிங்கமான பக்கம் வருகிறது. மே மாதம் கிர்க் என்பவரின் குடும்பத்தில் பதினொரு பேரைச் செரோக்கிகள் சிலர் கொன்றுவிட்டார்கள். ஊர் கொதித்தது, செவியர் படையோடு கிளம்பினார். சில்ஹோவி என்ற ஊருக்கு ஓல்டு டாசல் முதலிய தலைவர்கள் வெள்ளைக்கொடியின் கீழ் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்பட்டார்கள். ஓல்டு டாசல், குடியேறியவர்களோடு சமாதானம் வேண்டும் என்று பல வருடம் வாதாடிய முதியவர். கிர்க் குடும்பக் கொலையில் அவருக்குப் பங்கில்லை. அவர்களை ஒரு வீட்டில் அடைத்து, கிர்க்கின் மகன் கையில் கோடரியைக் கொடுத்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கொன்றான். செவியர் அந்த நேரம் அங்கே இல்லை. இல்லாமல் போனது தற்செயலா, வசதியா என்று அப்போதே கேட்டார்கள். அவர் யாரையும் தண்டிக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அதுவே போதும். ஓல்டு டாசல் போனபின், சமாதானம் பேசிய செரோக்கிகளிலும் பலர் டிராகிங் கனூ பக்கம் சாய்ந்தார்கள். எல்லையில் சண்டை 1794 வரை ஓயவில்லை.

ஃபிராங்க்ளின் மூழ்கிக்கொண்டிருந்தபோது அவர் பிடித்த கடைசிக் கொம்பு ஸ்பெயின். அப்போது நியூ ஆர்லியன்சும் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரமும் ஸ்பெயின் கையில். 1784 முதல் அமெரிக்கர்களுக்கு ஆற்று வழியை அடைத்திருந்தார்கள். மேற்கே விளைந்ததை விற்க ஆறு ஒன்றுதான் வழி. 1788 செப்டம்பரில் நியூயார்க்கில் இருந்த ஸ்பானியத் தூதர் கார்டோகிக்குச் செவியர் கடிதம் எழுதினார்: கடன் வேண்டும், ஆயுதம் வேண்டும், உங்கள் பாதுகாப்பை நாடுகிறோம். இன்று படித்தால் பச்சைத் துரோகம். ஆனால் அன்று அந்தப் பக்கத்தில் இது ஏறக்குறைய நாகரிகம். நாஷ்வில் பகுதிக்காரர்கள் தங்கள் மாவட்டத்துக்கு ஸ்பானிய ஆளுநர் மிரோவின் பெயரையே வைத்தார்கள், எழுத்துப்பிழையோடு 'மீரோ' என்று! வட கரோலினா சட்டமன்றமும் அதை அப்படியே நிறைவேற்றியது. பேரம் பேசக் கிழக்கத்திய அரசுகளைப் பயமுறுத்தும் கருவியாக ஸ்பெயினைப் பயன்படுத்தினார்கள் என்றே நினைக்கிறேன். கார்டோகியும் பெரிதாக எதுவும் கொடுக்கவில்லை.

இதற்குள் வட கரோலினா ஆளுநர் சாமுவேல் ஜான்ஸ்டன் பிடியாணை போட்டாயிற்று. குற்றம், தேசத்துரோகம். அக்டோபரில் ஜோன்ஸ்பரோவில் ஒரு விதவையின் வீட்டில் தங்கியிருந்தபோது, விடியற்காலையில் டிப்டன் ஆட்களோடு வந்து பிடித்தார். கைவிலங்கு மாட்டி மலைக்கு அந்தப் பக்கம் மார்கன்டன் ஊருக்கு அனுப்பினார்கள். அது யாருடைய ஊர்? மெக்டவல்களின் ஊர். கிங்ஸ் மவுண்டனுக்குப் போகும் வழியில் படை கூடிய அதே இடம். மெக்டவல் சகோதரர்கள் ஜாமீன் நின்றார்கள். மகன்களும் நண்பர்களும் வந்தார்கள், செவியர் குதிரை ஏறி வீட்டுக்குப் போனார். நீதிமன்றத்திலிருந்து துப்பாக்கி முனையில் மீட்டுப் பாய்ந்து ஓடியதாகச் சினிமாத்தனமான கதை ஒன்று பின்னாளில் கட்டப்பட்டது. உண்மையில் யாரும் துரத்தவில்லை. அந்த ஊரில் அவருக்கு எதிராக ஒரு ஜூரியைச் சேர்த்திருக்கவே முடியாது.

இங்கேதான் உங்கள் கேள்வியின் மையம். துரோகி எப்படி ஆளுநரானார்? வட கரோலினாவுக்கு அவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான். மேற்கே இருந்தவர்கள் கேட்பது அவர் பேச்சைத்தான். அவரைத் தண்டித்தால் மறுபடி கலகம், மன்னித்தால் அமைதி. 1789 தொடக்கத்தில் அவர் விசுவாசப் பிரமாணம் எடுத்தார். அதே வருடம் மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், மன்னிக்கப்பட்டார், பிரிகேடியர் பதவியும் திரும்ப வந்தது. நவம்பரில் ஃபேயட்வில் மாநாட்டில் அமெரிக்க அரசியல் சாசனத்தை ஏற்பதற்கு வாக்களித்தார். 1790 ஜூனில் முதல் காங்கிரசில் உறுப்பினராக உட்கார்ந்தார், அப்பலாச்சியனுக்கு மேற்கேயிருந்து போன முதல் ஆள். விலங்கு மாட்டியதிலிருந்து இதற்கு இருபது மாதம்.

சாசனத்தை ஏன் ஆதரித்தார்? சாசனத்தை ஏற்று வட கரோலினா அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தால் மேற்கு நிலத்தை மறுபடி மத்திய அரசுக்குக் கொடுக்கும். ஏற்கெனவே வாங்கிய பட்டாக்கள் செல்லும். மத்திய ராணுவம் எல்லைக்கு வரும். ஃபிராங்க்ளின் மூலம் கிடைக்காதது எல்லாம் இதன் மூலம் கிடைத்தது. 1790-இல் தென்மேற்குப் பிரதேசம் உருவாக, ஆளுநராக வந்தவர் பழைய பங்காளி பிளவுண்ட். 1796 ஜூன் 1 அன்று டென்னசி பதினாறாவது மாநிலமானது. முதல் ஆளுநர் செவியர், எதிர்த்துப் போட்டியிட உருப்படியான ஆளே இல்லை. அந்த மாநிலத்தின் முதல் சட்டமன்றத்தில் ஜான் டிப்டனும் உறுப்பினராக இருந்தார். இரண்டு பேரும் எப்படி வணக்கம் சொல்லிக்கொண்டார்கள் என்பதைப் பார்க்க ஆசைதான்.

தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் ஆளுநராக இருக்கக் கூடாது என்று டென்னசியின் சாசனம் சொன்னதால் 1801-இல் விலகி, 1803 முதல் 1809 வரை மறுபடி மூன்று முறை இருந்தார். ஆக மொத்தம் ஆறு. சாலை போடுவது, செரோக்கிகளிடமிருந்து ஒப்பந்தம் ஒப்பந்தமாக நிலம் வாங்குவது, குடிப்படை நியமனங்கள். நிர்வாகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நடுவே வந்த ஆண்ட்ரூ ஜாக்சன் சண்டைதான் சுவாரசியம்.

ஜாக்சன், பிற்காலத்தில் அமெரிக்க அதிபர் ஆனவர். செவியரைவிட 22 வயது இளையவர். 1802-இல் மாநிலக் குடிப்படையின் மேஜர் ஜெனரல் பதவிக்கு இருவரும் மோதினார்கள். வாக்களித்தவர்கள் படை அதிகாரிகள். வாக்கு சமமாக வந்தது. அப்போதைய ஆளுநர் ஆர்ச்சிபால்ட் ரோன் தன் வாக்கை ஜாக்சனுக்குப் போட்டார். முப்பத்தைந்து சண்டை கண்டதாகப் பெயரெடுத்தவர், படை நடத்தியே இராத ஒரு வக்கீலிடம் தோற்றது செவியருக்கு ஆறாத புண். அடுத்த தேர்தலில் ரோனுக்கு எதிராகச் செவியர் நின்றபோது, ஜாக்சன் பழைய நில ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்: செவியர் நிலச் சீட்டுகளில் விலையைத் திருத்த வைத்தார், அதற்கு வட கரோலினாவின் அரசுச் செயலாளர் ஜேம்ஸ் கிளாஸ்கோவுக்கு நிலமே கையூட்டாகக் கொடுத்தார் என்று. கிளாஸ்கோ ஏற்கெனவே நில மோசடியில் தண்டிக்கப்பட்டவர். குற்றச்சாட்டில் சாரம் இருந்தது. ஆனால் வாக்காளர்களில் பாதிப் பேர் பட்டாவும் அப்படி இப்படித்தான் வந்திருக்கும். செவியர் வசதியாக வென்றார்.

1803 அக்டோபர் 1, நாக்ஸ்வில் நீதிமன்ற வாசல். நாட்டுக்குத் தான் செய்த சேவையைப் பற்றி ஜாக்சன் ஏதோ சொல்ல, "இன்னொருத்தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நாச்சஸுக்குப் போனதைத் தவிர நீ என்ன சேவை செய்தாய்?" என்ற பொருளில் செவியர் கேட்டுவிட்டார். ஜாக்சனின் மனைவி ரேச்சலின் முதல் திருமணம் சட்டப்படி முறியும் முன்பே இவர்கள் சேர்ந்து வாழ்ந்த விஷயம் அது; ஜாக்சனிடம் தொடக் கூடாத ஒரே இடம். துப்பாக்கிகள் வெளியே வந்தன, கூட்டம் பிரித்துவிட்டது. ஜாக்சன் நேருக்கு நேர் சுட்டுக்கொள்ளும் டூயலுக்கு அழைத்தார். டென்னசியில் அது சட்ட விரோதம் என்று செவியர் இடத்தைப் பற்றி இழுத்தடித்தார். ஜாக்சன் பத்திரிகையில் அவரைக் கோழை என்று அச்சிட்டார்.

கடைசியில் அக்டோபர் நடுவில் சவுத்வெஸ்ட் பாயிண்ட் அருகே சாலையில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். திட்டிக்கொண்டார்கள். ஜாக்சன் கைத்தடியை ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு பாய்ந்தார். செவியர் குதிரையிலிருந்து இறங்கி வாளை உருவினார்; வாள் சத்தத்தில் மிரண்ட குதிரை, பையில் இருந்த கைத்துப்பாக்கிகளோடு ஓடிப்போனது. ஆயுதம் போன ஆளுநர் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, வெறுங்கையனைச் சுடாதே என்று கத்தினார். செவியரின் மகன் ஜாக்சனைக் குறிவைக்க, ஜாக்சனின் துணையாள் மகனைக் குறிவைத்தார். யாரும் சுடவில்லை. 58 வயது ஆளுநரும், 36 வயது நீதிபதியும்! எதிரி நின்று சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 1806-இல் விடை கிடைத்தது; அந்த வருடம் வேறொரு டூயலில் ஜாக்சன் ஒருவரைக் கொன்றார்.

1811 முதல் செவியர் அமெரிக்கக் காங்கிரசில், பிரிட்டனுக்கு எதிரான 1812 போருக்கு ஆதரவாக. போரில் புகழ் பெற்றது ஜாக்சன். கிரீக் என்ற பூர்வகுடி மக்களைத் தோற்கடித்து, 1814-இல் இன்றைய அலபாமாவின் பெரும்பகுதியை எழுதி வாங்கினார். அந்த நிலத்துக்கு எல்லைக்கோடு போடும் வேலைக்கு 1815-இல் செவியர் அனுப்பப்பட்டார். வாழ்நாள் முழுக்க நிலத்தோடு கிடந்தவருக்குக் கடைசி வேலையும் சர்வே, அதுவும் ஜாக்சன் பிடித்த நிலத்தில். காய்ச்சல் கண்டு, எழுபதாவது பிறந்தநாளுக்கு மறுநாள், செப்டம்பர் 24 அன்று டெக்கடூர் கோட்டை அருகே இறந்தார். டாலபூசா ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

74 வருடம் கழித்து, 1889-இல் எலும்புகளை எடுத்து வந்து நாக்ஸ்வில் நீதிமன்ற வளாகத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். கேத்தரினையும் பின்னால் அங்கே கொண்டுவந்தார்கள்.

அந்தப் பக்கம் போனால் ஜான்சன் சிட்டியில் டிப்டன் வீடு இருந்த பண்ணையைப் பாருங்கள், அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தென்மேற்கே செவியர் பெயரிலேயே ஒரு மாவட்டம், செவியர்வில் அதன் தலைநகர். நீதிமன்ற வாசலில் ஒரு வெண்கலச் சிலை இருக்கும், சுற்றுலா வந்தவர்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். செவியரென்று நினைத்துக் கிட்டே போகாதீர்கள். அது அந்த மாவட்டத்தில் பிறந்த பாடகி டாலி பார்ட்டன், கையில் கிதாரோடு.